உங்களுக்குத் தெரியுமா? நூறு கிலோவைத் தாங்கும் சக்கரம்

மலை சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் எடையைத் தாங்குவது எது? தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே இருக்கும் மூன்று நான்கு கம்பிகள்தான். சக்கரத்தில் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. எடை ஏறும்போது அடியில் உள்ள கம்பிகளின் விறைப்பு குறைகிறது. மேலே உள்ளவற்றில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் இல்லை. அந்தக் குறைவே உங்கள் எடைக்கு ஈடாகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட ‘தி பைசைக்கிள் வீல்’ என்ற நூலில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். கனமான உடம்புக்கு ரிம் தேடுபவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்: விறைப்பு எந்த நிலையிலும் முழுவதுமாக இல்லாமல் போய்விடக் கூடாது. தொய்ந்த கம்பியால் எதையும் தாங்க முடியாது.

✦

நீங்கள் ஏறுவதற்கு முன்பே ரிம் பெரும் பாரத்தில்தான் இருக்கிறது. நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரு கம்பியின் இழுப்பு 100 கிலோவை ஒட்டி இருக்கும். 32 கம்பிகளின் இழுப்பையும் கூட்டினால் ஏறத்தாழ மூன்று டன். அத்தனை இழுப்பையும் நாலாபுறமும் தாங்கி, வட்டம் குலையாமல் நிற்பதுதான் ரிம்மின் வேலை. உலோகம் மெலிந்த ரிம்மில் கம்பித் துளையைச் சுற்றி மயிரிழை அளவுக்கு வெடிப்பு கிளம்பும். கனமானவர்களின் பின்சக்கர ரிம் பல நேரங்களில் இப்படித்தான் முடிவுக்கு வருகிறது. சைக்கிளைக் கழுவும்போது துளை ஓரங்களை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

✦

29 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓட சுமார் 435 முறை சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மறுபடி விறைக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் நாலேகால் லட்சம் தடவைக்கும் மேல். கம்பி அறுவது ஒரே அடியில் அல்ல, இப்படி ஓய்வில்லாமல் நடக்கும் தளர்ச்சியாலும் விறைப்பாலும் உலோகம் களைத்துப்போவதால்தான். அறும் இடமும் பெரும்பாலும் ஒன்றே: ஹப்பின் துளைக்குள் கம்பி வளைந்து நுழையும் முழங்கை.

ஒரு கம்பி அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். அடுத்தடுத்து அறுந்துகொண்டே இருந்தால் ரிம்மையோ உங்கள் எடையையோ குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சக்கரம் ஆரம்பத்திலேயே தொய்வாகவோ ஏறுமாறாகவோ கட்டப்பட்டிருக்கிறது. மற்ற கம்பிகளும் அதே அளவு களைத்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிப் புதுக் கம்பி போட்டுக் கட்டுவதே தீர்வு.

✦

உட்கார்ந்து ஓட்டும்போது எடையில் சுமார் 60 சதவீதம் பின்சக்கரத்தில் விழுகிறது. மேடேறும்போது இன்னும் கூடும். முன்பக்கம் சஸ்பென்ஷன் ஃபோர்க் இருப்பதால் முன் ரிம்முக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் சைக்கிளில் பின் ரிம் ஒவ்வொரு கல்லையும் நேரடியாக வாங்குகிறது. பணம் அளவாக இருந்தால் முழுவதையும் பின்சக்கரத்தில் போடுங்கள். முன்னும் பின்னும் ஒரே ரிம்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

✦

பின்சக்கரத்துக்குக் கூடுதல் பலம் என்ற இந்தக் கணக்கு நம் ஊர்ப் பெரிய சைக்கிளுக்குப் பழையது. பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிய அந்த 28 அங்குல சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம் அது. பாரம் விழும் இடத்தில் கம்பியைக் கூட்டினார்கள். இன்றைய மலை சைக்கிள்களில் அழகுக்காகவும் எடைக் குறைப்புக்காகவும் இரண்டு பக்கமும் 28 கம்பி போடுவது பரவலாகிவிட்டது. நூறு கிலோவுக்கு மேல் உள்ளவருக்கு 32க்குக் கீழே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்னால் 36 துளை ரிம்மும் அதற்கேற்ற ஹப்பும் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

✦

இரண்டு பேர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளுக்கும் சக்கரம் இரண்டுதான். ஓட்டுபவர்களும் சாமான்களும் சேர்ந்து 180 கிலோ வந்தாலும் அந்தச் சக்கரங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. அவற்றில் 36 அல்லது 40 கம்பி இருக்கும், சிலவற்றில் 48. “உங்க எடைக்கு சைக்கிள் தாங்காது சார்” என்று யாராவது சொன்னால் டாண்டமை நினைத்துக்கொள்ளுங்கள்.

✦

பின்சக்கரத்தைப் பின்னாலிருந்து பாருங்கள். பல்சக்கரக் கொத்துக்கு, அதாவது கேசட்டுக்கு, வலப்பக்கம் இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்து நிற்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலப்பக்கம் மிகவும் விறைப்பாகவும் இடப்பக்கம் அதில் பாதிக்குச் சற்று மேலாகவும் இழுக்க வேண்டும். விறைப்பு குறைந்த இடப்பக்கக் கம்பிகள்தான் கனமானவர் ஓட்டும்போது முதலில் தொய்கின்றன.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்திருக்கின்றன. ஒன்று, கம்பித் துளைகளை நடுவில் போடாமல் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளிப் போட்ட ரிம். ‘அசிமெட்ரிக்’ அல்லது சுருக்கமாக ‘அசிம்’ என்று பெயர் போட்டு விற்கிறார்கள். இன்னொன்று ‘பூஸ்ட்’ எனப்படும் 148 மி.மீ. பின் ஹப். முந்தைய 142 மி.மீ. ஹப்பைவிட அகலமானது, கம்பி மாட்டும் விளிம்புகள் பக்கத்துக்கு 3 மி.மீ. வெளியே தள்ளி இருக்கும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கம்பியின் சாய்வுக் கோணத்தில் அது பெரிய மாற்றம். புது சைக்கிள் வாங்கும் கனமானவர் கியர் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் ஹப் 148தானா என்று கேட்கலாம்.

✦

ரிம்மின் குறுக்குவெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மலிவான ஒற்றைச் சுவர் ரிம், வளைத்த ஒரு தகடு மட்டுமே. டபுள் வால் ரிம்மில் மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் வெற்றிடம். இந்தப் பெட்டி வடிவமே வலிமையின் இரகசியம். ரிம் உயரமானால் மேலிருந்து வரும் அடியைத் தாங்கும் சக்தி கூடுகிறது. அகலமானால் பக்கவாட்டில் வளையாத உறுதி கூடுகிறது. கனமானவருக்கு இரண்டுமே தேவை. ஒற்றைச் சுவர் ரிம்மை மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

✦

ரிம்மின் ஸ்டிக்கரில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 622 என்றால் 29 அங்குலச் சக்கரம், 584 என்றால் 27.5, 559 என்றால் பழைய 26. டயரின் கரை உட்காரும் இடத்தின் விட்டம் மில்லிமீட்டரில் அது. அதோடு சேர்ந்து வரும் 25, 30, 35 போன்ற எண் ரிம்மின் உள் அகலம். டபிள்யூடிபி நிறுவனம் தன் ரிம் பெயரிலேயே ‘ஐ30’ என்று போடுவதும் இதே உள் அகலத்தைத்தான். டயரில் 57-622 என்று இருந்தால் 57 மி.மீ. அகலம், 29 அங்குலச் சக்கரத்துக்கானது.

1990களில் பந்தய மலை சைக்கிள் ரிம்களின் உள் அகலம் 17 மி.மீ.தான். பிரெஞ்சு நிறுவனமான மாவிக்கின் புகழ்பெற்ற எக்ஸ்517 அந்த அளவு. அப்போது மலைச்சரிவில் முரட்டுத்தனமாக ஓட்டுபவர்களும் கனமானவர்களும் தேடி வாங்கியது சன் நிறுவனத்தின் ரைனோ லைட். அதன் உள் அகலம் ஏறத்தாழ 22 மி.மீ. அன்றைக்கு அதுவே அகலமானது என்று பெயர் வாங்கியது. இன்று சாதாரண மலை சைக்கிளிலேயே 30 மி.மீ. வந்துவிட்டது. கனமானவர்களுக்குக் காலம் செய்த நன்மை இது.

✦

அகலமான ரிம் ஏன் நல்லது? குறுகிய ரிம்மில் பருத்த டயரை மாட்டினால் அடிப்பக்கம் பிடிமானம் போதாமல் திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளியும். ஓட்டுபவர் கனமாக இருந்தால் அந்த நெளிவு அதிகம். அதை அடக்கக் காற்றைக் கூட்டுவார், டயர் கல்லாகும், பிடிப்பு போகும். 2.4 முதல் 2.6 அங்குல டயருக்கு 30 மி.மீ. உள் அகலம் கச்சிதம். அதற்காக 40 மி.மீ. ரிம்மில் 2.3 டயரை மாட்டினால் டயரின் முதுகு தட்டையாகி, ஓரப் பற்கள் தரையைக் கடிக்காமல் போகும்.

✦

வால்வு துளைக்கு நேர் எதிரே ரிம்மை விரலால் தடவிப் பாருங்கள். அலுமினிய ரிம்மின் இணைப்பு அங்கேதான் இருக்கும். நீளமான அலுமினியப் பட்டையை வட்டமாக வளைத்து, இரு முனைகளையும் அங்கே சேர்க்கிறார்கள். ஊசி செருகிச் சேர்ப்பது மலிவு முறை, உள்ளே துண்டு வைத்துச் சேர்ப்பது நடுத்தரம், பற்றவைத்து வழவழப்பாக்குவது உயர்ந்தது. விரலில் படி தட்டுப்பட்டால் வேறொன்று காட்டச் சொல்லுங்கள்.

✦

ஒரு கணக்கு. பந்தயத்துக்கான மெல்லிய 29 அங்குல அலுமினிய ரிம் சுமார் 450 கிராம் இருக்கும். முரட்டு மலைத்தடத்துக்கான தடித்த ரிம் சுமார் 550 கிராம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து வித்தியாசம் 200 கிராம். ஓட்டுபவர் 110 கிலோ, சைக்கிள் 15 கிலோ என்றால் மொத்தம் 125 கிலோ. அதில் 200 கிராம் என்பது 0.16 சதவீதம். சுழலும் எடை என்பதால் வேகமெடுக்கும்போது அது இரட்டிப்பாக உணரப்படும் என்று வைத்துக்கொண்டாலும் 0.32 சதவீதம்தான். 60 கிலோ பந்தய வீரருக்கு அந்த 200 கிராம் ஒரு பதக்கமாக இருக்கலாம். உங்களுக்கு அது மலையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்குவதா, ஓட்டிக்கொண்டு இறங்குவதா என்பதைத் தீர்மானிக்கும் 200 கிராம். தயங்காமல் தடித்ததை எடுங்கள்.

✦

வலிமை, எடைக் குறைவு, விலைக் குறைவு: இந்த மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பது கலிபோர்னியாவைச் சேர்ந்த சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பாண்ட்ரேகர் சொன்னதாகப் புகழ்பெற்ற கருத்து. கனமானவருக்கு இந்தத் தேர்வு சுலபம். எடைக் குறைவை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் கைக்கு வரும். உறுதியான அலுமினிய ரிம், கார்பன் ரிம் விற்கும் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கிறது.

✦

அலுமினிய ரிம்முக்கு ஒரு மாறுவேடக் கதையும் உண்டு. 1930களில் பந்தய சைக்கிள்களில் மர ரிம்தான் வழக்கம். 1934 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அந்தோனன் மாஞ்ன் என்ற பிரெஞ்சு வீரர் மாவிக் நிறுவனம் செய்த அலுமினியக் கலவை ரிம்களில் ஓட்டினார். யாருக்கும் தெரியக் கூடாதென்று அவற்றுக்கு மரத்தின் நிறத்தில் வண்ணம் அடித்திருந்தார்கள். அந்த ஆண்டு டூரை வென்றவர் அவர்தான்.

✦

மலை சைக்கிள் பிறந்தபோது ரிம் இரும்பு. 1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ‘ரீபேக்’ என்ற சரிவுப் பந்தயம் முதன்முதலாக நடந்தது. ஓட்டியவர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்து வந்தார்கள். இறங்கி முடிக்கும்போது பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பின் ஹப்பின் கோஸ்டர் பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் உருகி ஆவியாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் பந்தயத்துக்கே அந்தப் பெயர். அந்த இரும்பு ரிம் கனம், மழையில் பிரேக் பிடிக்காது, கல்லில் பட்டால் வளையும். அகலமான 26 அங்குல அலுமினிய ரிம் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் மலை சைக்கிள் உண்மையில் மலையேறத் தொடங்கியது. பாண்ட்ரேகர் சாலைப் பந்தய ரிம்களை அறுத்து, சுருட்டி, 26 அங்குலமாக்கிப் போட்ட காலமும் ஒன்று இருந்தது. தேவைப்பட்டதைக் கடையில் காணாதபோது கையால் செய்துகொண்ட கூட்டம் அது.

✦

கார்பன் ரிம் வளையாது. அடி விழுந்தால் ஒன்று பழைய வடிவத்துக்கே திரும்பும், இல்லையேல் வெடிக்கும். அலுமினியம் வளைந்து நசுங்கினாலும் வீடு வந்து சேர விடும். பல நேரங்களில் ஸ்பேனரால் பிடித்து நிமிர்த்தி இன்னும் சில மாதம் ஓட்டலாம். நல்ல கார்பன் ரிம் கனமானவர்களையும் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் உத்தரவாதச் சீட்டில் எடை வரம்பு என்ன, உடைந்தால் புதிது எத்தனை நாளில் நம் ஊர் வந்து சேரும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

✦

சக்கரத்தின் கையேட்டில் போட்டிருக்கும் எடை வரம்பு உங்கள் எடை மட்டும் அல்ல. ஓட்டுபவர், சைக்கிள், முதுகுப்பை, தண்ணீர், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்த மொத்த எடை. சில நிறுவனங்கள் ஓட்டுபவரின் எடையைத் தனியாகக் கொடுப்பதும் உண்டு, கவனித்துப் படிக்க வேண்டும். 136 கிலோ என்று வினோதமான எண் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், 300 பவுண்டை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

எடையோடு இன்னொரு வரம்பும் உண்டு. சைக்கிள் எப்படி ஓட்டப்படும் என்பதை ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பு ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. முதல் வகை தார்ச்சாலைக்கு மட்டும். இரண்டாவதில் சக்கரம் 15 செ.மீ. உயரத்திலிருந்து குதிக்கலாம், மூன்றாவதில் 61 செ.மீ., நான்காவதில் 122 செ.மீ. ஐந்தாவது அதற்கும் மேலான துணிச்சலுக்கு. நான் சொல்லும் யோசனை இது: உங்கள் எடை நூறைத் தாண்டினால், நீங்கள் ஓட்டுவதாக நினைக்கும் வகைக்கு ஒரு வகை மேலே உள்ள சக்கரத்தை வாங்குங்கள். காட்டுப்பாதையில் மெல்ல ஓட்டுபவரானாலும் நான்காம் வகை.

✦

மின் மோட்டார் வைத்த மலை சைக்கிள்கள் பெரும்பாலும் 22 முதல் 25 கிலோ வரை இருக்கும். அந்தக் கனத்துக்காக நிறுவனங்கள் தடித்த ரிம், தடித்த கம்பி, பலமான ஹப் கொண்ட தனிச் சக்கரங்களைச் செய்கின்றன. டிடி ஸ்விஸ் நிறுவனத்தின் ‘ஹைப்ரிட்’ வரிசை அப்படிப்பட்டது. ஹப் அளவு பொருந்தினால் அந்தச் சக்கரத்தை மோட்டார் இல்லாத சைக்கிளிலும் மாட்டலாம். கனமானவர்கள் பலர் இந்த வழியை அறியாமலே இருக்கிறார்கள்.

✦

டியூப் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கமாக இரண்டு இடத்தில் கிழிந்திருந்தால் அது முள் அல்ல. கல்லில் டயர் முழுவதும் நசுங்கி, ரிம்மின் இரு ஓரங்களும் டியூபைக் கடித்த அடையாளம். காற்று போதவில்லை என்று அர்த்தம். அடுத்த அடி ரிம்மின் மேலேயே விழும்.

காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதும் சரியல்ல. டயரின் தோலில் ஏறும் இழுப்பு, காற்றழுத்தத்தையும் டயரின் பருமனையும் பெருக்கினால் வருவது. ஒரே அழுத்தத்தில் இரண்டு மடங்கு பருத்த டயர் ரிம்மின் சுவர்களை இரண்டு மடங்கு விசையோடு வெளியே இழுக்கும். அதனால்தான் டயர் பருக்கப் பருக்க ரிம்மில் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் குறைகிறது. கனமானவர் செய்ய வேண்டியது, டயரைப் பெரிதாக்குவது, தோல் தடித்த டயராகப் பார்ப்பது, டியூப் இல்லாத முறைக்கு மாறுவது. 2.4 அங்குல டயரில் 110 கிலோ ஓட்டுபவர் பின்னால் 30 பிஎஸ்ஐயில் தொடங்கி, ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு இரண்டாகக் கூட்டிப் பார்க்கலாம். முன்னால் அதைவிட இரண்டு மூன்று குறைவாக.

✦

உங்கள் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இல்லாமல் ரிம்மைக் கவ்வும் பிரேக் இருக்கிறதா? ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ரிம்மின் சுவர் தேய்கிறது. கனமானவர் நீண்ட இறக்கத்தில் இறங்கினால் தேய்மானம் வேகம். பல ரிம்களில் சுவரில் ஒரு சிறு குழியோ கோடோ போட்டிருப்பார்கள். அது மறைந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. தேய்ந்த சுவர் காற்றழுத்தத்தில் பிளந்து வெளியே விரியும். இறக்கத்தில் இது நடந்தால் விபத்துதான்.

✦

ரிம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அச்சை மறந்துவிடுவோம். குறைந்த விலை மலை சைக்கிள்களில் இன்னமும் திருகி மாட்டும் ஃப்ரீவீல் வருகிறது. அதில் வலப்பக்க பேரிங் ஹப்பின் உள்ளே தள்ளி இருப்பதால், அச்சின் ஒரு முனை தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். கனமானவர் ஓட்டினால் அங்கேதான் வளைகிறது அல்லது உடைகிறது. ஷிமானோ 1978இல் கொண்டுவந்த ஃப்ரீஹப் முறையில் பேரிங்கை வெளி முனைக்கே கொண்டுபோய்விட்டார்கள். பின் அச்சு மாதாமாதம் வளைகிறது என்பவர்கள் ரிம்மை மாற்றி என்ன பயன்? ஃப்ரீஹப் உள்ள கேசட் ஹப்புக்கு மாறுங்கள். சைக்கிளின் சட்டம் இடம் கொடுத்தால் 12 மி.மீ. தடிப்புள்ள த்ரூ ஆக்ஸில் இன்னும் மேல்.

✦

இரண்டு முனையும் தடித்து நடுவில் மெலிந்த கம்பி, முழுக்க ஒரே தடிப்புள்ள கம்பியைவிட அதிக நாள் உழைக்கும். முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. இருக்கும் அந்தக் கம்பி நடுப்பகுதியில் கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் முழங்கைக்குப் போகும் அடி குறைகிறது. ஹப் பக்க முனை 2.34 மி.மீ. தடித்த டிடி ஆல்பைன் கம்பி கனமானவர்களுக்கென்றே செய்தது மாதிரி. கம்பி முனையில் திருகும் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் சில கிராம் குறைவு, ஆனால் உப்புக்காற்றில் அரித்துக் கம்பியோடு இறுகிவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பித்தளைதான்.

✦

கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போவது அலங்காரம் அல்ல. 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி இந்தச் சாய்வுக் கட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பெடலை மிதிக்கும் முறுக்கையும் டிஸ்க் பிரேக்கின் முறுக்கையும் ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கொண்டுபோவது அந்தச் சாய்வுதான். எடை கூடினால் பிரேக்கின் முறுக்கும் கூடும். ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடக்கும்படி கட்டச் சொல்லுங்கள்.

✦

நல்ல சக்கரத்தைக் காதால் அறியலாம். வலப்பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டுங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தால் விறைப்பு சமம். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தொய்வு, பக்கத்துக் கம்பி அதன் பாரத்தையும் சுமக்கிறது. இடப்பக்கம் எல்லாமே சற்றுத் தாழ்ந்த சுருதியில், ஆனால் தங்களுக்குள் ஒன்றாக ஒலிக்க வேண்டும். விறைப்பை அளக்கும் கருவி வைத்திருக்கும் கடை கிடைத்தால் அதிர்ஷ்டம். டிடி ஸ்விஸ் தன் ரிம்கள் பலவற்றுக்கு ஒரு கம்பிக்கு 1200 நியூட்டனை உச்சமாக வைத்திருக்கிறது, அதாவது சுமார் 120 கிலோ இழுப்பு.

கைதேர்ந்த மெக்கானிக் சக்கரம் கட்டி முடித்ததும் இணையாகப் போகும் இரண்டு இரண்டு கம்பிகளைச் சேர்த்து உள்ளங்கையால் பலமாக நெரிப்பார். முறுக்கிக்கொண்டிருந்த கம்பி நிமிரும், முழங்கை ஹப்பின் துளையில் படிந்து உட்காரும். ‘டிக், டிக்’ என்று சத்தம் வரும். அதன் பிறகு மறுபடி கோட்டம் எடுப்பார், மறுபடி நெரிப்பார். சத்தம் நிற்கும்வரை இது நடக்கும். இயந்திரத்தில் கட்டி வரும் மலிவுச் சக்கரங்கள் பலவற்றில் இந்த வேலை அரைகுறைதான். சாதாரண ரிம்மைக் கை தேர்ந்தவர் கட்டினால் அது, உயர்ந்த ரிம்மை அவசரமாகக் கட்டியதைவிட நூறு கிலோவை நன்றாகத் தாங்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

✦

ஒரே ரிம், ஒரே கம்பி எண்ணிக்கை என்றால் சின்னச் சக்கரம் பெரியதைவிட உறுதி. கம்பி குட்டை, சாய்வுக் கோணம் அதிகம். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து மாட்டுவதைச் சர்வதேச சைக்கிள் சங்கம் 2019இல் பந்தயங்களுக்கு அனுமதித்தது. அந்த ஆண்டு சரிவுப் பந்தய உலகச் சாம்பியனான பிரான்ஸின் லோயிக் புரூனி ஓட்டியது அப்படிக் கலந்த சைக்கிள்தான். அவர்கள் அதை வளைவுகளுக்காகச் செய்தார்கள். பின் ரிம்முக்குக் கிடைக்கும் உறுதி கனமானவருக்குக் கூடுதல் இலாபம்.

✦

அமெரிக்காவில் மலை சைக்கிள் பந்தயங்கள் சிலவற்றில் 200 பவுண்டு, அதாவது சுமார் 91 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. ஸ்காட்லாந்தின் பார வண்டிக் குதிரையின் பெயரால் ‘கிளைட்ஸ்டேல்’ பிரிவு என்று அழைக்கிறார்கள். பரிசும் தனி.

✦

எடை ஒன்றுதான், அதை இறக்கும் விதம் வேறு. 110 கிலோ உள்ளவர் கல்லைக் கண்டதும் இருக்கையிலிருந்து எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி ஓட்டினால் ரிம்முக்குப் போகும் அடி, 75 கிலோக்காரர் உட்கார்ந்தபடியே இடிப்பதைவிடக் குறைவாக இருக்கும். பக்கவாட்டில் சறுக்கியபடி இறங்குவதுதான் சக்கரத்துக்குப் பெரிய எதிரி. நேராக விழும் அடியைத் தாங்கும் ரிம், பக்கவாட்டு அடியில் பொரித்த அப்பளமாக வளைந்துவிடும். குதித்தால் சக்கரம் போகும் திசைக்கு நேராக இறங்கப் பழகுங்கள்.

✦

புதுச் சக்கரம் முதல் சில சவாரிகளில் சற்றுத் தளரும். அது பழுதல்ல, கம்பிகள் படிகின்றன. இரண்டு மூன்று வாரம் ஓட்டியதும் கட்டியவரிடமே கொண்டுபோய் விறைப்பைச் சரிபார்த்துக் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிடுபவர்களின் கம்பிகள்தான் ஆறாம் மாதத்தில் அறுகின்றன.

✦

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடையில் எடையைக் கேட்கும்போது பத்து கிலோ குறைத்துச் சொல்லும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சொல்லாதீர்கள். கம்பி எத்தனை, ரிம் எவ்வளவு தடிப்பு, காற்று எவ்வளவு என்று எல்லாமே அந்த ஒரு எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. முதுகுப்பையோடு எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, வரும் எண்ணை அப்படியே சொல்லுங்கள். அந்த எண்ணைக் கேட்டு முகம் சுளிக்கும் கடையாக இருந்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.